மடக்குக் கத்தி: அசலும் நகலும்

ஒட்டுக் கட்டும் பருவத்தில் சந்தைக் கடையில் நின்று மடக்குக் கத்தி கேட்டால், கடைக்காரர் மூன்று நான்கு வகைகளை எடுத்து வைப்பார். சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்டது ஒன்று. மரப்பிடியும் கழுத்தில் உலோக வளையமும் கொண்டது ஒன்று. வளைந்த பிடியின் முதுகில் தேனீ உருவம் பதித்தது ஒன்று. பார்வைக்கு எல்லாம் பளபளப்பாகவே இருக்கும். இவை மூன்றும் ஐரோப்பாவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யப்பட்டு வரும் மூன்று பிரசித்தி பெற்ற கத்திகளின் சாயலில் அமைந்தவை. பெரும்பாலும் சாயல் மட்டுமே அங்கிருந்து வந்திருக்கும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய கத்தியில் சில வாரங்களில் அலகு ஆடத் தொடங்குகிறது. காலையில் தீட்டிய வாய் பத்துக் கன்று ஒட்டுவதற்குள் மழுங்கிவிடுகிறது. கட்டிய ஒட்டுகளில் பாதிக்கு மேல் காய்ந்து போனால், வெயில் அதிகம் என்றும் குச்சி முற்றிவிட்டது என்றும் காரணம் சொல்வதுண்டு. அவையும் காரணங்களே. ஆனால் கத்தியை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. ஆகவே இக்கத்திகள் எப்படி அமைந்தவை, நகல் செய்கிறவர்கள் எதை நகல் செய்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதை விவசாயிகள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று வித அமைப்பு

மடக்குக் கத்தி அனைத்திலும் அலகு ஓர் ஆணியில் சுழன்று பிடிக்குள் மடங்குகிறது. விரித்த அலகை விரித்தபடியே நிறுத்துவது எது என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

முதல் வகையில் உராய்வு ஒன்றே அலகை நிறுத்துகிறது. ஆணியை இறுக்கி அடித்திருப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதுவே மிகப் பழைய அமைப்பு. ஆணி தேய்ந்தால் அலகு தொளதொளத்துவிடும்.

இரண்டாவது வகையில் பிடியின் முதுகுப்புறத்தில் நீளமான எஃகு வில் ஒன்று உண்டு. அது அலகின் அடிப்பகுதியை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். அலகு முழுவதும் விரியும்போதும் முழுவதும் மடங்கும்போதும் ‘டக்’கென்று ஓசையுடன் நிற்பது இந்த வில்லின் வேலை. நம்மவர்கள் இதை ‘வில்லுக்கத்தி’ என்று அழைத்தது மிகப் பொருத்தமான பெயர். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வில் அலகை நிறுத்துகிறதே தவிரப் பூட்டுவதில்லை. முனையால் குத்தினாலோ, அலகின் முதுகில் அழுத்தினாலோ அது விரல் மேல் மடங்கும். வில்லுக்கத்தியால் ஏற்படும் விரல் காயங்களுக்கு இது முக்கியமான காரணம்.

மூன்றாவது வகையில் அலகைப் பூட்டும் உறுப்பு தனியாக உண்டு. மரப்பிடிக் கத்தியின் கழுத்தில் உள்ள வளையம் அத்தகைய பூட்டாகும்.

கொல்லன் மகன் செய்த கத்தி

வளையம் போட்ட மரப்பிடிக் கத்தியின் அசல் பெயர் ஒப்பினல். பிரான்சின் தென்கிழக்கே ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவோய் பகுதியில் பிறந்தது. அங்கு ஒப்பினல் குடும்பத்தாரின் பட்டறையில் கோடரி, கவாத்துக் கத்தி முதலிய விவசாயக் கருவிகளைச் செய்துவந்தனர். அக்குடும்பத்து இளைஞர் ஜோசப் ஒப்பினல் 1890ஆம் ஆண்டில், தமது 18ஆம் வயதில், சுற்றுவட்டார விவசாயிகளுக்காக இம்மடக்குக் கத்தியை வடிவமைத்தார். 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பல அளவுகளில் செய்தார். 1ஆம் எண் மிகச் சிறியது என்றும், 11ஆம் எண் 10க்கும் 12க்கும் இடையே தேவையில்லை என்றும் பிற்காலத்தில் நிறுத்தப்பட்டன. அதிகம் விற்பது 8ஆம் எண். அதன் அலகு 8.5 செ.மீ. நீளம். கிரீடம் சூடிய கை அதன் முத்திரை. 1909 முதல் உபயோகத்தில் உள்ளது.

இதன் சிறப்பு, உறுப்புகள் குறைவாக இருப்பதே. ஒரே துண்டு மரத்தில் செய்த பிடி, பெரும்பாலும் பீச் மரம். அதில் இரம்பத்தால் அறுத்த ஒரு பள்ளம். அலகு. ஓர் ஆணி. பிடியின் தலையில் ஒரு பூண். தொடக்கத்தில் அவ்வளவுதான், அலகை நிறுத்தியது உராய்வே. 1955ஆம் ஆண்டில்தான் மார்செல் ஒப்பினல் என்பவர் பூணின் மேல் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். வளையத்தில் ஒரு பக்கம் இடைவெளி இருக்கும். இடைவெளி அலகுக்கு நேராக இருந்தால் கத்தி மடங்கும். வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகின் அடி அதில் முட்டி நிற்கும். விரலுக்கு இது பெரிய பாதுகாப்பு.

இந்த அமைப்பை நகல் செய்வது எளிது போலத் தோன்றும். இங்குதான் நகல்கள் வழுக்குகின்றன. அசலில் வளையம் ஒரு பக்கம் திருப்பத் திருப்ப இறுகும்படி விளிம்பு சற்றுச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். பல நகல்களில் அது வெறும் தகட்டு வளையம். சில நாள் உபயோகத்தில் தளர்ந்து, வேலையின் நடுவே தானாகவே திரும்பிவிடும். பூட்டு இருக்கிறது என்று நம்பி அழுத்துகிறவருக்குப் பூட்டே இல்லாத கத்தியைவிட இது ஆபத்தானது.

அசலிலும் ஒரு குறை உண்டு. மரப்பிடி நனைந்தால் ஊதிக்கொண்டு அலகைக் கவ்விக்கொள்ளும். மழைக் காலத்தில் நகத்தால் இழுத்தால் வராது. சவோய் விவசாயிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்து, பிடியின் வால் பகுதியை மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்றே வெளியே எட்டிப்பார்க்கும். பிறகு விரலால் எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய உடனே ஆணிப் பகுதியில் ஆளி விதை எண்ணெய் ஊறவிட்டு உலர்த்தினால் இந்தத் தொல்லை குறையும்.

ஊர்ப்பெயர் பறிபோன கதை

தேனீ பதித்த வளைந்த கத்தியின் பெயர் லாகியோல். உள்ளூர் மக்கள் ‘லாயோல்’ என்றே உச்சரிப்பர். தென் பிரான்சின் ஓப்ராக் பீடபூமியில் உள்ள சிறிய கிராமம் அது. மாடு வளர்ப்பும் பாலாடைக் கட்டியும்தான் அங்குள்ளவர்களுக்குப் பிழைப்பு. அங்கே 1829 வாக்கில் பியர் ழான் கால்மெல்ஸ் என்பவர் கத்திப் பட்டறை நடத்தினார். அவ்வூர்க் கத்தி நாளடைவில் இடையர்களின் கத்தியாகப் பெயர் பெற்றது. இது வில்லுக்கத்தி வகை, பூட்டு கிடையாது.

பழைய லாகியோல் கத்திகளில் அலகுடன் கூர்மையான ஊசி ஒன்றும் சேர்ந்திருப்பதைக் காணலாம். மாட்டுக்கு வயிறு உப்பிப்போனால் வாயுவை வெளியேற்றக் குத்துவதற்கென்று 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தது அது. கால்நடை மருத்துவம் கிராமத்தை எட்டாத காலத்தில் வேறு வழி இல்லை. இன்று கத்தி முனையால் மாட்டின் வயிற்றில் குத்துவது மாட்டைக் கொல்லும் வேலை. கால்நடை மருத்துவர் அதற்கென்றுள்ள குழாய் ஊசியைச் சரியான இடத்தில் செலுத்துவார். தக்கைத் திருகி பின்னால் வந்து சேர்ந்தது. அது ஒயின் குடிப்பவர்களின் தேவை.

தேனீயை நெப்போலியன் மன்னர் அளித்தார் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. தொடக்க காலக் கத்திகளில் தேனீயே இல்லை.

இந்தக் கத்தியில் எது அசல் என்று கேட்டால் பதில் சிக்கலானது. லாகியோல் கிராமத்தில் கத்தித் தொழில் நலிந்தபோது, வடக்கே உள்ள தியேர் என்னும் கத்திக்காரர் நகரம் அதே வடிவத்தைப் பெருமளவில் செய்து விற்றது. தியேர் கத்தியை நகல் என்று தள்ளிவிட முடியாது. அங்கும் பரம்பரைத் தொழிலாளர்கள்தான். கிராமத்திலேயே மீண்டும் கத்தி செய்யும் முயற்சி 1980களில்தான் தொடங்கியது. வடிவத்துக்கோ பெயருக்கோ எவரும் முறைப்படி உரிமை பெற்று வைத்திருக்கவில்லை.

அந்தச் சந்தில் 1993இல் ஒருவர் நுழைந்தார். கிராமத்தோடு தொழில் தொடர்பு இல்லாத ஒரு வணிகர் ‘லாகியோல்’ என்ற பெயரைக் கத்திக்கு மட்டுமின்றிப் பலவகைப் பொருள்களுக்கும் தமது வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். அப்பெயரை உபயோகிக்கும் உரிமையைப் பிறருக்கு விற்றார். ஆசியாவில் செய்த மலிவுப் பொருள்கள் அப்பெயரோடு சந்தைக்கு வந்தன. சொந்த ஊரின் பெயரைத் தாராளமாகப் பொருளில் பொறிக்க முடியாத நிலை ஊர்க்காரர்களுக்கு ஏற்பட்டது. வழக்குகள் நடந்தன. 2012இல் வெறுத்துப்போன கிராமத்தார் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். 2014இல் மேல்முறையீட்டில் தோல்வி. 2016இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2019இல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வணிகர் தரப்பின் பல பதிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. இடையில் கால் நூற்றாண்டு போய்விட்டது.

திருப்பாச்சேத்தி அரிவாள் என்ற பெயர் எந்தெந்தச் சந்தைகளில் எந்தெந்த அரிவாள்களுக்குச் சூட்டப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது.

ஷெபீல்டும் சோலிங்கனும்

பெயர்த் திருட்டு பழைய தொழிலே. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் கத்திக்காரர்களின் முத்திரைகளைப் பதிவு செய்ய 1624இலேயே சங்கம் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து மலிவான கத்திகள் ‘ஷெபீல்டு’ என்ற பொறிப்புடன் வரத் தொடங்கின. அதைத் தடுப்பதை ஒரு முக்கிய நோக்கமாகக் கொண்டு 1887இல் பிரிட்டனில் வணிகக் குறிகள் சட்டம் வந்தது. அதன் விளைவாகத்தான் ‘ஜெர்மனியில் செய்தது’ என்று பொறிக்கும் வழக்கம் பரவியது. பின்னர் சோலிங்கன் கத்திகளே உயர்ந்த பெயர் பெற்றன. அந்தப் பெயரையும் பிறர் திருடத் தொடங்கினர். 1938இல் ‘சோலிங்கன்’ என்ற பெயரைக் காக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று! நகல் செய்தவர்கள் எப்போதும் நகல்காரர்களாகவே இருந்துவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

சிவப்புப் பிடிக் கத்தியின் கதையும் சோலிங்கனில்தான் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்து ராணுவத்துக்கு மடக்குக் கத்தி தேவைப்பட்டபோது உள்நாட்டில் அவ்வளவு செய்ய வசதி இல்லாததால் முதல் தொகுதி சோலிங்கனிலிருந்தே வந்தது. கார்ல் எல்சனர் என்பவர் இபாக் என்ற ஊரில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்தார். அவர் 1891 முதல் ராணுவத்துக்குக் கத்தி வழங்கினார். பல உறுப்புகள் கொண்ட ‘அதிகாரிக் கத்தி’யை 1897இல் பதிவு செய்தார். தாயார் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சில் சுருக்கப் பெயர் ‘இனாக்ஸ்’. இரண்டும் சேர்ந்து 1921இல் ‘விக்டோரினாக்ஸ்’ ஆயிற்று. இதன் நகல்கள் உலகமெங்கும் உள்ளன. சிவப்புப் பிடியும் சிலுவையும் இருந்தால் அசலாகிவிடாது. அசலில் பெரிய அலகின் அடியில் நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தோட்டத்து வேலைக்கு இதிலுள்ள பத்து உறுப்புகளில் எட்டு வெறும் பாரம்.

நகலில் வராதது எது?

வடிவத்தை யாரும் பார்த்துச் செய்துவிடலாம். எஃகையும் அதற்குக் கொடுக்கும் தோய்ச்சலையும் கண்ணால் பார்க்க முடியாது. செலவு பிடிப்பதும் இவைதான். ஆகவே விலையைக் குறைக்க நினைப்பவர் கை வைப்பதும் இவற்றில்தான்.

இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே எஃகின் கடினத்தை முதலில் நிர்ணயிக்கிறது. ஒப்பினலின் சாதாரண எஃகு அலகில் கரி ஏறத்தாழ 0.9 சதவிகிதம். துருப்பிடிக்காத கத்தி எஃகில் நல்ல ரகங்களில் 0.5 முதல் 0.6 சதவிகிதம் கரியும், 13 சதவிகிதத்தை ஒட்டிக் குரோமியமும் இருக்கும். மலிவுக் கத்திகளில் கரி 0.3 சதவிகிதம் அல்லது அதற்கும் குறைவு. அத்தகைய எஃகு துருப்பிடிக்காது, பளபளக்கும், ஆனால் கூர் நிற்காது.

நல்ல எஃகாக இருந்தாலும் தோய்ச்சல் சரியில்லை என்றால் பயன் இல்லை. அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடி போல் கடினமாகும்; தட்டினால் உடையும். பிறகு ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் மீண்டும் இளஞ்சூடு காட்டினால் கடினம் சற்றே தணிந்து, வாயும் நிற்கும், உடையவும் செய்யாது. இந்த இரண்டாவது சூடு 300 டிகிரியைத் தொட்டால் எஃகு நீல நிறமாகி மென்மையாகிவிடும். ஊர்க் கொல்லர்கள் இதை நிறத்தைப் பார்த்தே அறிவர். தெருவில் சாணை பிடிப்பவர் தண்ணீர் இல்லாமல் வேகமான சக்கரத்தில் வைத்துத் தீட்டும்போது அலகின் நுனியில் நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். விலை உயர்ந்த கத்தியும் இப்படி ஒரே நாளில் கெட்டுவிடும்.

ஒட்டுக் கட்டுபவருக்கு ஏன் இவ்வளவு கவலை?

வெற்றிலை கிள்ளவும் கயிறு அறுக்கவும் எந்தக் கத்தியும் போதும். ஒட்டு வேலை அப்படியன்று. மாவில் மென்தண்டு ஒட்டுக் கட்டும்போது வேர்ச்செடியின் தண்டை நடுவே 4 முதல் 5 செ.மீ. ஆழத்துக்குப் பிளக்கிறோம். ஒட்டுக்குச்சியின் அடியை அதே நீளத்துக்கு ஆப்பு வடிவில் இருபுறமும் சீவுகிறோம். இரண்டும் சேர்வது பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள கேம்பியம் என்னும் மிக மெல்லிய வளர்திசுவின் வழியாகத்தான். சீவிய பரப்பு ஒரே இழுப்பில் சமமாக அமைந்தால் இரு திசுக்களும் தொடும். மழுங்கிய கத்தியால் நான்கு தடவை சீவினால் பரப்பு மேடு பள்ளமாகும், திசு நசுங்கும், இடுக்கில் காற்றும் நீரும் தங்கும். அலகு ஆணியில் ஆடினாலும் இதே விளைவுதான், வாய் எவ்வளவு கூராக இருந்தபோதிலும். சப்போட்டாவுக்கு வேர்ச்செடியாகும் பாலா மரத்தின் தண்டு கடினமானது, பாலும் வடியும். அங்கே சோதாக் கத்தி முதல் நாளிலேயே தோற்றுப்போகும்.

இதற்காகவே தனி ஒட்டுக்கத்திகள் உண்டு. ஜெர்மனியின் ராய்ட்லிங்கன் நகரில் 1854இல் தொடங்கிய டீனா நிறுவனத்தின் கத்திகள் நாற்றங்கால்காரர்களிடையே நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. ஒட்டுக்கத்தியின் முக்கிய அடையாளம், அலகின் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்பட்டிருப்பது. மறுபக்கம் உளியின் அடிப்புறம் போலத் தட்டையாக இருக்கும். தட்டையான பக்கம் குச்சியோடு படிந்து செல்வதால் வெட்டு வளையாமல் நேராக விழுகிறது. வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் சரிவு எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். இடக்கைக்காரர் வலக்கைக் கத்தியை வைத்துக்கொண்டு சிரமப்படுவது பல நாற்றங்கால்களில் காணக்கூடியதே. அதைக் கைத்திறன் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

ரோஜா, எலுமிச்சை இனங்களில் மொட்டுக் கட்டுவதற்கான கத்தியில் பட்டையை நெம்பித் திறக்கப் பித்தளையிலோ எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு நாக்கு இருக்கும். அதன் விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். நகல்களில் தகட்டை வெட்டிப் பிசிறோடு விட்டுவிடுகிறார்கள். அது பட்டையின் உட்புறத்தைக் கீறிவிடும். ஒட்டுக்கத்தி என்ற பெயரில் விற்கும் பல மலிவுக் கத்திகளில் அலகு இருபுறமும் சரிவாகவே இருப்பதும் உண்டு. அது பெயரளவில் மட்டும் ஒட்டுக்கத்தி.

கடையில் பார்க்க வேண்டியவை

அலகைப் பாதி விரித்து இரு விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். புதிய கத்தியிலேயே ஆடினால் வேண்டாம். மடக்கியபின் மேலிருந்து நோக்கினால் அலகு பள்ளத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கச் சுவரை உரசினால் மடக்கும் ஒவ்வொரு தடவையும் வாய் மழுங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வில்லுக்கும் அலகுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரியாமல் இருந்தால் வேலைப்பாடு நன்று. வளையப் பூட்டானால், பூட்டிவிட்டு அலகின் முதுகை மரப்பலகையில் இலேசாகத் தட்ட வேண்டும். வளையம் நகர்ந்தால் விட்டுவிடலாம். விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது.

காந்தத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. காந்தம் ஒட்டாவிட்டால்தான் அசல் ‘எவர்சில்வர்’ என்றும், அதுவே உயர்ந்தது என்றும் சொல்வார்கள். பாத்திரத்துக்கு அது சரியாக இருக்கலாம். கத்திக்கு நேர் எதிர். தோய்ச்சல் ஏற்கும் கத்தி எஃகு, துருப்பிடிக்காத ரகமானாலும் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத அலகு பாத்திர எஃகால் ஆனது. அதைத் தோய்ச்சலால் கடினமாக்க முடியாது. ஒட்டுகிற எல்லாம் நல்ல கத்தி என்றும் அர்த்தமில்லை. ஒட்டாததைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு சோதனை செய்யலாம். தீட்டிய வாயைப் பித்தளைக் கம்பியின் மேல் சாய்வாக வைத்து மெதுவாக அழுத்தினால் வாயோரம் சற்று வளைந்து, எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வளைந்தபடியே நின்றால் எஃகு மென்மை. பொடிந்தால் தோய்ச்சல் மிஞ்சிவிட்டது. கத்திக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் சோதனை இது.

இவற்றில் தேறினால், அது எந்த நாட்டுக் கத்தி, யாருடைய வடிவம் என்பது ஒரு பொருட்டன்று. வெளிநாட்டு அசலைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் செய்யும் ஒட்டுக்கத்திகளிலும் நன்றாகத் தோய்ச்சல் ஏற்றியவை கிடைக்கின்றன. பொய்ப் பெயர் பொறித்த கத்தியை மட்டும் தவிர்ப்பது நலம். பெயரில் பொய் சொன்னவர் எஃகில் உண்மை சொல்லியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பராமரிப்பு

சாதாரண எஃகு அலகு மாம்பால் பட்டால் கறுக்கும். அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கறுப்பதும் இதே காரணத்தால்தான். துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் உண்டாகும் கறை. இது துரு அல்ல. தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. செந்நிறத் துருவைத்தான் அனுமதிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் பாலைத் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மடக்க வேண்டும். ஆணிக்கும் ஒரு சொட்டு விட வேண்டும்.

எலுமிச்சை, சாத்துக்குடி ஆகியவற்றில் எக்ஸோகார்ட்டிஸ் என்னும் நோய் கத்தி வழியே ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குப் பரவக்கூடியது. இதன் காரணி ஸ்பிரிட்டால் துடைத்தாலும், சாதாரண அளவில் தீயில் காட்டினாலும் அழியாது. ஒரு தாய் மரத்திலிருந்து அடுத்த தாய் மரத்துக்குப் போகும்போது அலகை 1 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் நனைத்தெடுக்க வேண்டும். இக்கரைசல் எஃகை அரிக்கும். ஆதலால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் இடுவது அவசியம். இந்த வேலைக்குத் துருப்பிடிக்காத எஃகு அலகு வசதியானது.

ஒட்டுக்கத்தியைத் தீட்டும்போது சரிவான பக்கத்தை மட்டுமே கல்லில் வைக்க வேண்டும். சரிவு முழுவதும் கல்லில் படியும்படி வைத்து, எண்ணெயோ தண்ணீரோ விட்டு, ஒரே சாய்வில் இழுக்க வேண்டும். மறுபக்கம் பிசிறு திரண்டதும், தட்டையான பக்கத்தைக் கல்லில் முழுவதும் படியவைத்து ஓரிரு இழுப்பு. முடிவில் தோல்வாரில் நாலைந்து தடவை. தட்டையான பக்கத்தைச் சிறிது தூக்கித் தீட்டிவிட்டால் அது சாதாரணக் கத்தியாகிவிடும். மீண்டும் தட்டையாக்க நிறைய எஃகைத் தேய்க்க நேரும்.

ஒட்டுக் கட்டும் நாளில் இரண்டு கத்திகளை வைத்துக்கொள்வது சிறந்தது. இலை கழிக்கவும், பாலித்தீன் நாடா நறுக்கவும், சாக்குச் சணல் அறுக்கவும், காய்ந்த கிளையைச் சீவவும் சந்தையில் வாங்கிய அந்த மலிவுக் கத்தியே போதும். நல்ல கத்தியை ஒட்டு வெட்டுக்கு மட்டும் எடுத்து, வெட்டியதும் துடைத்து மடக்கி வைக்க வேண்டும்.